தொலைதூரக் குறிசுடுதலுக்கு எந்த ரெட்டிகிள்? செட்டிநாட்டுப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கிலாந்தில் 14 வருடம் வேலை பார்த்தேன். அதில் 9 வருடம், கிடைத்த சனி ஞாயிறெல்லாம் பிஸ்லி சுடுதளத்தில்தான் கழிந்தது. அங்கே நான் சுட்டது எஃப்-கிளாஸ் என்ற தொலைதூரப் போட்டி. கானாடுகாத்தான் வீட்டுக்குத் திரும்பியபின் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் ஊர் கூடுகிறபோது, மெல்போர்னிலிருந்தும் டெக்சாஸிலிருந்தும் வந்த நம் பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். அங்கே கிளப்பில் சேர்ந்திருப்பார்கள், ரைஃபிள் மேல் பூட்டுகிற தொலைநோக்கியான ஸ்கோப் வாங்கப் போவார்கள், ரெட்டிகிள் பட்டியலைப் பார்த்துக் குழம்பிப் போயிருப்பார்கள். புதுக்கோட்டையிலும் காரைக்குடியிலும் ஏர் ரைஃபிள் பழகுகிற பிள்ளைகளும் கேட்பதுண்டு. எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள் என்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

"அண்ணே, ரெட்டிகிள்னா ஸ்கோப்புக்குள்ள தெரியுற கூட்டல் குறிதானே? அதுல போய் என்ன தேர்ந்தெடுக்க இருக்கு?"

கூட்டல் குறியிலிருந்துதான் ஆரம்பம். தொலைநோக்கிக்குள் சிலந்தி இழை பின்னியிருந்ததைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில வானியலாளர் வில்லியம் கேஸ்காய்னைப் பற்றிச் சொல்வார்கள். அப்புறம் மெல்லிய கம்பி வந்தது. இப்போது நல்ல ஸ்கோப்புகளில் பெரும்பாலும் கண்ணாடித் தகட்டில் கோட்டைப் பொறித்துவிடுகிறார்கள். கண்ணாடியில் பொறிப்பதால் புள்ளி, வட்டம், எண், அளவுக்கோடு என்று எதையும் போடலாம். தேர்வு வந்ததும் குழப்பம் வந்ததும் அதனால்தான்.

ரெட்டிகிளுக்கு இரண்டு வேலை. எங்கே குறி பார்க்கிறோம் என்று காட்டுவது ஒன்று. எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறோம் என்று அளந்து சொல்வது இன்னொன்று. முதல் வேலைக்குக் கோடு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இரண்டாவதற்குக் கோடு நிறைய வேண்டும். உங்கள் போட்டியில் எந்த வேலை அதிகம் என்று கண்டுகொண்டால் பாதித் தேர்வு முடிந்தது.

"நான் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுறேன். எனக்கு எந்த ரெட்டிகிள் சரியா வரும்?"

எதுவும் வேண்டாம் தம்பி. ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் ஸ்கோப்புக்கு இடமில்லை. 10 மீட்டரானாலும் 50 மீட்டரானாலும் பின்னால் சின்னத் துளை, முன்னால் வளையம், அவ்வளவுதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கியதும் அப்படிப்பட்ட துளைக்குறியில்தான். அதே பாரிஸில் ட்ராப் சுட்ட நம் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் கையில் இருந்தது ஷாட்கன். பறக்கிற தட்டைச் சுடுகிற அந்தப் போட்டியிலும் ஸ்கோப் கிடையாது. ஸ்கோப் வாங்க வைத்திருக்கும் காசைப் பயிற்சிக்கும் நல்ல ஜாக்கெட்டுக்கும் செலவு செய்யுங்கள்.

ஸ்கோப் வைத்துச் சுடுவது எஃப்-கிளாஸ், மேசையில் ரைஃபிளைத் தாங்கவைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட், வெவ்வேறு தூரத்து இரும்புத் தகடுகளை நேரக் கணக்கில் அடிக்கும் பி.ஆர்.எஸ். மாதிரியான போட்டிகளில். எங்கள் பக்கத்தில் 1000 கெஜத்துக்குச் சுட இடம் இல்லை. இந்தியாவில் தோட்டா போட்டுச் சுடும் ரைஃபிள் வைத்திருக்க 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும், சுடுவது அனுமதி பெற்ற சுடுதளத்தில் மட்டும்தான். கீழே ஸ்கோப்பை வீட்டில் வைத்துப் பார்ப்பது பற்றி எங்கெல்லாம் சொல்கிறேனோ அங்கெல்லாம் துப்பாக்கி இல்லாமல், ஸ்கோப்பை மட்டும் முக்காலியில் பூட்டிப் பார்ப்பதைத்தான் சொல்கிறேன்.

"எஃப்-கிளாஸ்ல குறி எவ்ளோ பெருசு இருக்கும்? ரெட்டிகிளுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

சம்பந்தமே அதுதான். எஃப்-கிளாஸ் கனடாவில் பிறந்தது. ஜார்ஜ் ஃபார்க்வார்சன் என்பவர், வயதாகிக் கண் மங்கியவர்களும் தொடர்ந்து சுடட்டும் என்று படுத்தபடி தாங்கியில் ரைஃபிளை வைத்து ஸ்கோப்பில் சுட ஏற்பாடு செய்தார். அவர் பெயரின் முதல் எழுத்துதான் அந்த 'எஃப்'. இப்போது இதில் இரண்டு பிரிவு. எஃப்-டி.ஆர். பிரிவில் .223 ரெமிங்டன், .308 வின்செஸ்டர் என்ற இரண்டு தோட்டாதான், ஸ்கோப்போடு சேர்த்து எடை 8.25 கிலோவுக்குள். ஓப்பன் பிரிவில் 10 கிலோ வரை போகலாம்.

சர்வதேச விதிப்படி 1000 கெஜத்தில், அதாவது 914 மீட்டரில், நடுவில் இருக்கும் 'வி' வட்டத்தின் குறுக்களவு சுமார் 12.7 செ.மீ. அதைச் சுற்றி 5 புள்ளி வட்டம், 25.4 செ.மீ. அதற்கு வெளியே 4 புள்ளி வட்டம், சுமார் 51 செ.மீ. இவையெல்லாம் சுமார் 1.12 மீட்டர் அகலமுள்ள கறுப்பு வட்டத்துக்குள் இருக்கும். ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குள் 914 மீட்டரிலிருந்து ஒவ்வொரு குண்டாகப் போட வேண்டும். உங்கள் ரெட்டிகிளின் நடு அந்தத் தட்டை மறைத்தால் எதைப் பார்த்துச் சுடுவீர்கள்?

"மில் நல்லதா, எம்.ஓ.ஏ. நல்லதா?"

இரண்டும் கோண அளவுதான். ஒன்று இன்னொன்றைவிடத் துல்லியம் என்பது தவறு. ஒரு டிகிரியை 60 பங்காக்கினால் ஒரு பங்கு 1 எம்.ஓ.ஏ. 100 மீட்டரில் அது 2.9 செ.மீ., 1000 கெஜத்தில் 26.6 செ.மீ. மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 மீட்டரில் 10 செ.மீ., 1000 மீட்டரில் 1 மீட்டர். 1 மில் என்பது சுமார் 3.44 எம்.ஓ.ஏ.

வித்தியாசம் கிளிக்கில் தெரியும். குறியை ஏற்றி இறக்கவும் பக்கவாட்டில் நகர்த்தவும் ஸ்கோப்பில் இருக்கும் குமிழ்தான் டரட், அது ஒரு படி திரும்புவது ஒரு கிளிக். எஃப்-கிளாஸ் ஸ்கோப்பில் வழக்கமாக வரும் 1/8 எம்.ஓ.ஏ. கிளிக் 1000 கெஜத்தில் 3.3 செ.மீ. நகர்த்தும். 1/4 என்றால் 6.6 செ.மீ. பி.ஆர்.எஸ். ஸ்கோப்பில் வரும் 0.1 மில் கிளிக் 9.1 செ.மீ. நகர்த்தும். 12.7 செ.மீ. வட்டத்துக்கு 9 செ.மீ. படி கொஞ்சம் முரடு. எஃப்-கிளாஸுக்கு எம்.ஓ.ஏ., பி.ஆர்.எஸ்ஸுக்கு மில் என்று பழக்கமானதற்கு இது ஒரு காரணம். பக்கத்தில் படுத்திருப்பவரும் அதே அளவில் பேசினால் காற்றைப் பற்றி நாலு வார்த்தை கலந்துகொள்ள முடியும் என்பது இன்னொன்று. எதை எடுத்தாலும் கோடும் கிளிக்கும் ஒரே அளவில் இருக்கட்டும். கோடு மில், கிளிக் எம்.ஓ.ஏ. என்று விற்ற பழைய ஸ்கோப்புகள் இன்னும் கைமாறுகின்றன. மலிவாக வந்தாலும் வாங்காதீர்கள்.

"அம்மான், எஃப்.எஃப்.பி., எஸ்.எஃப்.பி.னு போட்டிருக்கே, அது என்ன?"

ரெட்டிகிள் தகடு ஸ்கோப்புக்குள் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைச் சொல்வது. எஃப்.எஃப்.பி. என்றால் உருப்பெருக்கும் லென்சுக்கு முன்னால். உருப்பெருக்கத்தைக் கூட்டினால் குறியோடு சேர்ந்து கோடும் பருக்கும். அதனால் 10 மடங்கில் வைத்தாலும் 25 மடங்கில் வைத்தாலும் 1 மில் கோடு 1 மில்தான். எஸ்.எஃப்.பி. என்றால் லென்சுக்குப் பின்னால். குறி மட்டும் பெரிதாகும், கோடு மெலிசாக அப்படியே நிற்கும். ஆனால் கோடுகளின் அளவு, தயாரிப்பாளர் சொன்ன ஒரே ஒரு உருப்பெருக்கத்தில்தான் உண்மை.

எஃப்-கிளாஸில் தூரம் மாறாது, உருப்பெருக்கமும் அநேகமாக மாறாது, நடு மெலிசாக இருக்க வேண்டும். அதனால் எஸ்.எஃப்.பி. பி.ஆர்.எஸ்ஸில் ஒரே ஆட்டத்தில் 400 மீட்டரும் 900 மீட்டரும் வரும், உருப்பெருக்கத்தைத் திருப்பிக்கொண்டே இருப்பீர்கள். அங்கே எஃப்.எஃப்.பி. இதை மாற்றிச் செய்தும் ஜெயிக்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் முதல் ஸ்கோப்புக்கு இந்தப் பிரிவே போதும்.

"கோடு எவ்ளோ மெலிசா இருக்கோ அவ்ளோ நல்லதுதானே?"

ஒரு எல்லை வரைக்கும். கணக்கு இது: 0.2 எம்.ஓ.ஏ. பருமன் கோடு 1000 கெஜத்தில் 5.3 செ.மீ. மறைக்கும். 0.1 என்றால் 2.7 செ.மீ. 1/8 எம்.ஓ.ஏ. புள்ளி 3.3 செ.மீ. 'வி' வட்டம் 12.7 செ.மீ. என்று முன்னாலேயே பார்த்தோம். அதில் கால்வாசிக்குக் கொஞ்சம் கூட மறைக்கிற 1/8 புள்ளி வசதியானது. சுற்றிலும் மிச்சம் தெரிவதால் புள்ளி நடுவில் இருக்கிறதா என்று கண் தானாகச் சரிபார்த்துக்கொள்ளும்.

அதைவிட மெலிசாகப் போனால் வேறு தொல்லை. குறிப்பலகையின் நடு கறுப்பு, கோடும் கறுப்பு. மெலிசான கறுப்புக் கோடு கறுப்புக்குள் போனதும் காணாமல் போய்விடும். எங்கள் வீட்டு வளவில் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசிய சுவர் கண்ணாடி மாதிரி வெள்ளை. அதன்மேல் வைத்துப் பார்த்தால் எந்த ரெட்டிகிளும் அழகாகத் தெரியும். கடைக்காரர் வெளியே வானத்தைப் பார்த்துக் காட்டுவதும் அப்படித்தான். கறுப்பின் மேல் வைத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். நடுப்புள்ளியைச் சுற்றிக் கொஞ்சம் வெற்றிடம் விட்டு, அப்புறம் கோடு தொடங்கி, வெளிப்பக்கம் போகப் போகத் தடிக்கிற வடிவம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கண் தடித்த கோட்டைப் பிடித்து உள்ளே வரும், நடுவில் வெறும் புள்ளி மட்டும் நிற்கும்.

"வெளிச்சம் போடுற ரெட்டிகிள் வாங்கினா கறுப்புல தெரியும்ல?"

தெரியும். மேகமூட்டமான மாலையில் உதவும். ஆனால் நல்ல வெயிலில் பல ஸ்கோப்புகளின் வெளிச்சம் எடுபடாது, கூட்டி வைத்தால் புள்ளி பூத்துப் பருத்து, மறைக்கக்கூடாததை மறைக்கும். இருந்தால் இருக்கட்டும், அதற்காகக் கூடுதல் காசு வேண்டாம்.

"மரம் மாதிரி கீழ விரிஞ்சு எண் எல்லாம் போட்ட ரெட்டிகிள் பார்த்தேன். அதுல எல்லாமே இருக்கே, அதையே வாங்கிட்டா என்ன?"

கண்டாங்கிச் சேலைக் கட்டம் மாதிரி கீழே வரிசை வரிசையாக இருக்கும், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். அது பி.ஆர்.எஸ்ஸுக்குப் பிறந்தது. அங்கே குறி ஒரு இரும்புத் தகடு, அதன்மேல் வட்டம் எதுவும் கிடையாது. ஒன்றரை நிமிடம், இரண்டு நிமிடத்துக்குள் வெவ்வேறு தூரத்தில் பல தகடுகளை அடிக்க வேண்டும். டரட்டைத் திருப்ப நேரமில்லாதபோது உயரத்துக்கு இத்தனை கட்டம் கீழே, காற்றுக்கு இத்தனை கட்டம் பக்கத்தில் என்று பிடித்துச் சுடுவார்கள். குண்டு தவறிப்போய் மண் தெறித்தால், தெறித்த இடத்தைக் கட்டத்தில் படித்து அடுத்த குண்டைத் திருத்துவார்கள்.

எஃப்-கிளாஸில் நிலைமை வேறு. ஒவ்வொரு குண்டுக்கும் பலகையைக் குழிக்குள் இறக்கி, துளையில் வட்டத் தகடு சொருகி மேலே ஏற்றிக் காட்டுவார்கள். போன குண்டு எங்கே விழுந்தது என்று பலகையே சொல்லிவிடும். அப்புறம் பலகையில் இருக்கும் வட்டங்களே ஒரு அளவுகோல். நடுவிலிருந்து 5 வட்டத்தின் விளிம்பு ஏறக்குறைய அரை எம்.ஓ.ஏ., 4 வட்டத்தின் விளிம்பு ஏறக்குறைய 1, கறுப்பின் விளிம்பு 2-க்குக் கொஞ்சம் மேலே. காற்று குண்டைத் தள்ளும் என்று நடுவிலிருந்து 1 எம்.ஓ.ஏ. விட்டுப் பிடிக்க வேண்டுமென்றால் புள்ளியை 4 வட்ட விளிம்பில் வைத்தால் தீர்ந்தது. இத்தனை அளவு பலகையிலேயே இருக்கும்போது, சொருகின தகட்டை மறைக்கிற கட்டம் கண்ணாடிக்குள் எதற்கு? நான் எஃப்-கிளாஸுக்குப் பரிந்துரைப்பது நடுவில் சிறு புள்ளி, படுக்கைக் கோட்டில் 1 எம்.ஓ.ஏ. இடைவெளியில் சின்னச் சின்ன அடையாளம், செங்குத்தில் எதுவுமே இல்லாமல் அல்லது மிகக் குறைவாக.

"காத்துக்கு டரட்டைத் திருப்புறதா, விட்டுப் பிடிக்கிறதா? அதைப் பொறுத்து ரெட்டிகிள் மாறுமா?"

மாறும். .308-ல் 1000 கெஜத்தில், குறுக்கே அடிக்கும் காற்று மணிக்கு 1 மைல் வேகம் கூடினாலோ குறைந்தாலோ குண்டு சுமார் முக்கால் முதல் 1 எம்.ஓ.ஏ. நகரும். தளத்தில் காற்றைக் காட்டும் கொடி கொஞ்சம் தளர்ந்தாலே 5 என்பது 4 ஆகிவிடும். பிஸ்லியில் இருவர் மாறி மாறிச் சுடுகிற முறையில் உங்கள் முறை வந்தால் 45 விநாடி. அதற்குள் திருப்பவும் முடியும், ஆனால் திருப்பித் திருப்பி எத்தனை கிளிக் போட்டோம் என்பதை மறந்துவிடுவோம்.

பெரும்பாலானோர் செய்வது கலப்பு. அன்றைய பொதுவான காற்றுக்கு டரட்டில் வைத்துவிடுவது, சின்ன ஏற்ற இறக்கத்துக்கு மேலே சொன்னபடி வட்டத்தைப் பார்த்து விட்டுப் பிடிப்பது. இதற்குப் படுக்கைக் கோட்டில் இரு பக்கமும் 4, 5 அடையாளம் போதும். முழுவதும் டரட்டிலேயே சுடுகிறவருக்கு வெறும் புள்ளியும் கோடும் போதும். முழுவதும் விட்டுப் பிடிக்கிறவருக்கு 10 எம்.ஓ.ஏ. வரை எண் போட்ட அடையாளம் வேண்டும், ஏனென்றால் கறுப்புக்கு வெளியே போய்விட்டால் வட்டம் உதவாது.

"ஸ்கோப்பு 60 மடங்கு வரைக்கும் போகுது. 60-லயே வச்சு சுட்டா கோடு இன்னும் மெலிசாத் தெரியும்ல?"

எஸ்.எஃப்.பி.யில் தெரியும், காற்று அனுமதித்தால். மே மாதம் 11 மணிக்குக் காரைக்குடி-திருச்சி சாலையில் தூரத்தில் தண்ணீர் ஓடுவது மாதிரி கானல் தெரிகிறதே, அதை 60 மடங்காக்கிப் பாருங்கள். பலகை கொதிக்கிற எண்ணெயில் கிடக்கிற அப்பளம் மாதிரி நெளியும், வட்டத்தின் விளிம்பே தெரியாது. மெலிசான புள்ளியை எதன் நடுவில் வைப்பீர்கள்?

குளிர்ந்த காலை நேரத்தில் 50, 55 வைக்கலாம். கானல் ஏறியபின் 30-க்கும் 40-க்கும் நடுவில் இறங்கினால் படம் கொஞ்சம் அமைதியாகும். கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதே காற்றைச் சொல்லும் என்பதால் அதை எதிரியாக நினைக்க வேண்டாம். வெயில் ஊரில் சுடுகிறவர்கள் 1/16 எம்.ஓ.ஏ. புள்ளியைத் தேடிப் போகாமல் 1/8-க்கோ அதற்குக் கொஞ்சம் மேலேயோ நிற்பது நல்லது. டெக்சாஸ் பிள்ளைகளுக்கு இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

"உருப்பெருக்கத்தைக் குறைச்சா எஸ்.எஃப்.பி. அடையாளம் மாறும்னீங்களே, எவ்ளோ மாறும்?"

தயாரிப்பாளர் சொன்ன உருப்பெருக்கத்தை இப்போது வைத்திருக்கும் உருப்பெருக்கத்தால் வகுத்து, அடையாளத்தின் எண்ணோடு பெருக்குங்கள். 40 மடங்கில் 1 எம்.ஓ.ஏ. காட்டுகிற அடையாளம் 20 மடங்கில் 2 எம்.ஓ.ஏ.

இதை நான் தெரிந்துகொண்ட விதம் வலித்தது. பிஸ்லியின் ஸ்டிக்கிள்டவுன் தளத்தில் ஒரு ஜூலை மாத மதியம். கானல் ஏறியதால் 40-லிருந்து 30-க்கு இறக்கினேன். காற்றுக்கு 3 எம்.ஓ.ஏ. வேண்டும் என்று கணக்குப் போட்டு மூன்றாவது அடையாளத்தைப் பிடித்தேன். பலகை இறங்கி ஏறியது, தகடு 4 வட்டத்துக்கு வெளியே நின்றது. காற்றைத்தான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று நினைத்து இன்னொரு குண்டும் அதே மாதிரி போட்டேன், அதே இடம். 30 மடங்கில் என் மூன்றாவது அடையாளம் 4 எம்.ஓ.ஏ. ஆகியிருந்தது. அந்த ஒரு எம்.ஓ.ஏ. 1000 கெஜத்தில் 26.6 செ.மீ., 4 வட்டத்தின் ஆரம் 25.4. இரண்டு குண்டிலும் 3 புள்ளி. அன்றிலிருந்து ஸ்கோப் மூடிக்குள் ஒரு சின்னச் சீட்டு ஒட்டியிருக்கிறேன்: 40-ல் 1, 32-ல் ஒன்றேகால், 20-ல் 2. இடையில் உள்ள எண்ணில் நிறுத்துவதில்லை.

"எனக்கு 58 வயசாச்சு. கோடு ரெட்டையாத் தெரியுது. ஸ்கோப்பு கோளாறா?"

அநேகமாக ஸ்கோப் சரியாகத்தான் இருக்கும். முதலில் கண்ணருகே இருக்கும் வளையத்தைத் திருப்பி ரெட்டிகிளைத் தெளிவாக்குங்கள். குறியைப் பார்க்காதீர்கள், வெள்ளைச் சுவரையோ சூரியன் இல்லாத பக்கத்து வானத்தையோ பாருங்கள். இரண்டு விநாடி பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்து, திருப்பி, மறுபடி பாருங்கள். நீண்ட நேரம் பார்த்தால் கண் தானே சமாளித்துக்கொண்டு ஏமாற்றிவிடும்.

அப்படியும் நிற்கும் கோடு தெளிவாகவும் படுத்த கோடு மங்கலாகவும் இருந்தால் சிலிண்டர் பவர் இருக்கலாம், கண்ணாடியோடு சுடுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு வெளிச்சப் புள்ளி வால்முளைத்த மாதிரி தெரியும். மெல்லிய வட்டமோ, நடுவில் கோடுகள் சந்திக்கிற வடிவமோ பெரும்பாலும் ஒத்துவரும். அடுத்தவர் சிபாரிசைவிட உங்கள் கண்ணால் பார்ப்பது இங்கே முக்கியம்.

"ரெட்டிகிள் கொஞ்சம் சாய்ஞ்சிருந்தா என்ன ஆயிடப் போகுது?"

1000 கெஜத்துக்கு 36 எம்.ஓ.ஏ. ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒரே ஒரு டிகிரி சாய்ந்தால் அந்த ஏற்றம் நேராகப் போகாமல் சுமார் 0.6 எம்.ஓ.ஏ. பக்கத்தில் தள்ளும். அது 16, 17 செ.மீ. நடுவில் விழ வேண்டியது 4-ல் விழும்.

ஸ்கோப்பைப் பூட்டும்போது எங்கள் கொத்தனார் வைத்திருக்கிற தூக்குக்குண்டு போதும். 50 மீட்டர் தள்ளி நூலைத் தொங்கவிட்டு, குண்டை ஒரு வாளித் தண்ணீருக்குள் விட்டால் ஆடாது. ரைஃபிளை ரசமட்டத்தில் நிறுத்தி, செங்குத்துக் கோட்டை நூலோடு பொருத்தி, அப்புறம் வளையத் திருகுகளை முடுக்குங்கள். சுடும்போது பார்க்க ஸ்கோப் மேல் ஒரு குட்டி ரசமட்டம். நீளமான செங்குத்துக் கோடு உள்ள ரெட்டிகிளில் இதைச் செய்வது எளிது. வெறும் புள்ளி ரெட்டிகிள் வாங்குகிறவர்கள் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

"தலையை அசைச்சா கோடு குறி மேல நகருது. ரெட்டிகிள் கழண்டுடுச்சா?"

இல்லை, பேரலாக்ஸ். குறியின் படமும் கோடும் ஸ்கோப்புக்குள் ஒரே தளத்தில் விழாததால் வருவது. பக்கத்துக் குமிழைத் திருப்பித் திருப்பி, தலையை லேசாக மேலும் கீழும் ஆட்டும்போது கோடு குறியில் ஒட்டி நிற்கிற இடத்தைப் பிடியுங்கள். குமிழில் போட்டிருக்கும் தூர எண்ணை நம்ப வேண்டாம். அதற்கு முன் மேலே சொன்ன கண் வளையம் சரியாக இருக்க வேண்டும்.

"வாங்கின ஸ்கோப்புல போட்டிருக்கிற அளவு உண்மையானு எப்படிப் பார்க்கிறது?"

ஆத்தங்குடிக் கல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 8 அங்குலக் கல் 20.3 செ.மீ. அகலம். 203 மீட்டர் தள்ளி வைத்தால் சரியாக 1 மில், எம்.ஓ.ஏ.யில் 3.44. போன மார்கழியில் ஊருணிக் கரையில் 50 மீட்டர் டேப்பை நாலு தடவை போட்டு, மேலே 3 மீட்டர் அளந்து, சிவப்புப் பூ போட்ட ஒரு கல்லைக் கரைமேட்டில் நிறுத்தினேன். இந்தப் பக்கம் ஸ்கோப்பை முக்காலியில் பூட்டினேன். காலை 7 மணி, கானல் இல்லை. அக்கா மகனின் 0.1 மில் ஸ்கோப்பில் கல்லின் இடது விளிம்பில் நடுக்கோட்டை வைத்தால், வலது விளிம்பு 1 மில் அடையாளத்தில் வந்து உட்கார்ந்தது. அப்புறம் டரட்டை 10 கிளிக் திருப்பினோம், நடுக்கோடு ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குப் போய் நின்றது. கோடும் சரி, கிளிக்கும் சரி.

ஒரு மில் மட்டும் பார்த்தால் சிறு பிழை தெரியாது. 100 மீட்டரில் ஒரு மீட்டர் அளவுகோலை நிறுத்தினால் 10 மில். 100 கிளிக் போட்டுப் பாருங்கள், 99-லோ 101-லோ வந்தால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். எஸ்.எஃப்.பி.யில் இதே சோதனை, எந்த உருப்பெருக்கத்தில் அடையாளம் உண்மை என்பதையும் காட்டிக்கொடுக்கும். வளையத்தில் 40 என்று எழுதியிருக்கும் இடம் துல்லியமாக 40-ஆக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

"எஃப்-கிளாஸும் சுடணும், பி.ஆர்.எஸ்ஸும் சுடணும். ஒரே ஸ்கோப்பு போதுமா?"

முதல் வருடம் போதும். எஃப்.எஃப்.பி., மில், நடுவில் தனிப் புள்ளி, 25 மடங்கு சுற்றி உருப்பெருக்கம், அடர்த்தி குறைந்த மரம். எஃப்-கிளாஸில் கிளிக் கொஞ்சம் முரடாக இருக்கும், பழகலாம். எந்தப் போட்டி மனதுக்குப் பிடிக்கிறது என்று தெரிந்தபின் அதற்கென்று ஒன்று வாங்குங்கள். இரண்டையும் வாங்கி இரண்டிலும் வேறு வேறு அளவு வைத்துக்கொள்வது, என் அனுபவத்தில், காற்று மாறுகிற நேரத்தில் தலையைக் குழப்பும்.

"வாங்குறதுக்கு முன்னாடியே 1000 கெஜத்துல எப்படித் தெரியும்னு பார்க்க வழி இருக்கா?"

இருக்கிறது. கோணம்தான் கணக்கு என்பதால் பலகையைச் சுருக்கிக்கொண்டால் போதும். 50 மீட்டருக்கு: 61 மி.மீ. குறுக்களவில் ஒரு கறுப்பு வட்டம், அதற்குள் வெள்ளைக் கோட்டில் 28, 14, 7 மி.மீ. வட்டங்கள். அடியில் ஒரு ஓரமாக, சொருகின தகடு மாதிரி ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி. வெள்ளை அட்டையில் ஒட்டி 50 மீட்டரில் நிறுத்தினால், 1000 கெஜத்தில் அசல் பலகை எவ்வளவு தெரியுமோ அவ்வளவு தெரியும்.

எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற பழைய வீடு. முகப்புத் திண்ணையில் முக்காலியை வைத்து, நடு வாசல்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டால், வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படிக் கட்டு தாண்டிப் பின்வாசல் கதவு வரை நேர்ப் பார்வை. அந்தக் கதவில்தான் அட்டையைத் தொங்கவிடுவேன். பிள்ளைகள் வந்தால் ஸ்கோப் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கச் சொல்வேன். மூன்று விஷயம் கேட்பேன்: 7 மி.மீ. வட்டம் புள்ளியைச் சுற்றித் தெரிகிறதா, கறுப்புக்குள் கோடு காணாமல் போகிறதா, வெள்ளைப் புள்ளி எந்த வட்டத்தில் இருக்கிறது என்று உடனே சொல்ல முடிகிறதா. போன தையில் வந்த டெக்சாஸ் பையன், மரம் போட்ட ஸ்கோப்தான் வேண்டும் என்று நின்றவன், மூன்றாவது கேள்விக்கு 10 விநாடி எடுத்துக்கொண்டான். புள்ளி ஸ்கோப்பை மாட்டியதும் பார்த்த மாத்திரத்தில் சொன்னான்.

வீட்டுக்குள் காற்றும் கானலும் இல்லை. அதனால் அதே அட்டையை மதியம் 2 மணிக்கு வெளியே செம்மண் பாதையிலும் நிறுத்தி, மூன்று கேள்வியையும் இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். 50 மீட்டர் கானல் 1000 கெஜக் கானலுக்கு ஈடாகாது, ஆனால் எந்தப் புள்ளி முதலில் கலங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

"வாங்கிட்டேன், ரெட்டிகிள் பிடிக்கல. ரெட்டிகிளை மட்டும் மாத்தலாமா?"

சில தயாரிப்பாளர்கள் தங்கள் பட்டறையில் மாற்றித் தருவார்கள், எல்லோரும் இல்லை. வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் கேமரா பழுது பார்க்கிறவரிடம் கொடுத்துத் திறக்க வேண்டாம். உள்ளே பனி படியாமல் இருக்க நைட்ரஜனோ ஆர்கானோ அடைத்திருப்பார்கள், திறந்தால் அது போய்விடும், மழைக்கால முதல் காலையில் கண்ணாடி உள்பக்கம் வேர்க்கும். மாற்ற முடியாது என்று சொன்னால் ஒரு சீசன் அதிலேயே சுடுங்கள். அப்படியும் பிடிக்கவில்லை என்றால் பெட்டி, ரசீது, மூடியோடு விற்றுவிடுங்கள். நல்ல ஸ்கோப்புக்குக் கைமாற்று விலை நன்றாகவே கிடைக்கும்.